என்னைக் குடியெழுப்ப நான் நிரப்பிய படிவம்

மே 10

முழங்கால் வலி. காலையில் இரண்டு பேருக்குப் படிவம் நிரப்பினேன். ஒன்று கடவுச்சீட்டு. மற்றது கடைக்கார வாமதேவனின் நாய்க்கு நகரசபை அனுமதி. நாயின் வயது கேட்டிருந்தார்கள். வாமதேவனுக்குத் தெரியவில்லை, நாயைப் பார்த்து நானே ஆறு என்று முடிவு செய்தேன்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். கனடாவின் இந்த ஸ்காபரோவில், எங்கள் தெருவில் எவருக்கு அரசாங்கத் தாள் வந்தாலும் அது முதலில் என் பேஸ்மென்ற் படிகளில்தான் இறங்கும். கறுப்பு மை, வெட்டுக் கிடையாது, பெட்டிக்கு வெளியே ஓர் எழுத்தின் கால்கூட நீளாது. கூலி வாங்குவதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும். அதையும் பலர் சொல்வதில்லை.

பின்னேரம் வீட்டுக்காரர் குகபாலன் இறங்கி வந்தார். மேலே அவரும் மனைவி யோகராணியும். கீழே நிலவறையில் பதினொரு வருடமாக நான்.

"அண்ணை, ஒரு போம் கிடக்கு. ஒருக்கா நிரப்பித் தாங்கோவன்."

வாங்கிப் பார்த்தேன். என்-12. வாடகைக்கு இருப்பவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் வீட்டுக்காரரோ அவருடைய பிள்ளையோ குடியிருக்கப்போகிறார் என்று அறிவிக்கும் படிவம். இதுவரை நான் நிரப்பாத இலக்கம். உற்சாகம் வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரின் பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன்.

"வாடகைக்கு இருக்கிறவற்றை பெயர்?"

குகபாலன் சுவரில் இருந்த முருகன் கலண்டரைப் பார்த்தார்.

"தம்பி, பெயர்?"

"நீங்கள்தான் அண்ணை."

பேனை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன். நவரத்தினம் சிற்சபேசன். என் பெயர் எழுதும்போது எனக்கு எழுத்து எப்போதும் நன்றாக வரும்.

"எந்தப் பிள்ளை வருகுது?"

"மகள். ஆரபி."

"அவ மொன்றியலிலை புருஷனோடை நல்லா இருக்கிறா எண்டெல்லோ சொன்னியள்?"

"ஓமோம். நல்லா இருக்கிறா."

"பேந்து ஏன் பேஸ்மென்றுக்கு வாறா?"

"அவவுக்கு இந்த இடம் நல்ல விருப்பம்."

எனக்கே இந்த இடம் விருப்பமில்லை. என் ஒரே ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியின் சில்லு. ஆனால் அதைச் சொல்லவில்லை. அடுத்த பெட்டி, வெளியேற வேண்டிய திகதி. அறுபது நாள் கொடுக்கவேண்டும், அதோடு மாதத்தின் கடைசி நாளாக இருக்கவேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. ஜூலை 31 என்று எழுதப் போனேன். குகபாலன் என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ அண்ணை, அது ஆடியெல்லே! ஆடியிலை பிள்ளையைக் குடிவைக்கிறதோ? ஜூலை பதினைஞ்சு எண்டு போடுங்கோ. ஆனி கடைசி. நல்ல நாள், பாத்திட்டன்."

"மாதக் கடைசிதான் செல்லும், தம்பி."

"கோவிக்காதேங்கோ அண்ணை. உங்களுக்குப் பதினாறு நாள் கூட இருக்க ஆசை, அதாலைதான்..."

என்னைப் பார்த்து! வடமாகாணத்தில் நான் எழுதிய ஒரு தாள்கூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. எனக்கு விசர் வந்தது. ஜூலை 15 என்று நல்ல பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். படட்டும்.

மே 12

அறிவித்தலை முறைப்படி எனக்குச் சேர்ப்பிக்கவேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இன்று காலை புருஷனும் பெண்சாதியும் குளித்து உடுத்து இறங்கி வந்தார்கள். யோகராணியின் கையில் தட்டம். வெற்றிலை, பாக்கு, கதலிப்பழம், கற்கண்டு. நடுவில் என்-12.

"வெறுந்தாளை நீட்ட மனம் கேக்கேல்லை அண்ணை" என்றார் யோகராணி.

கல்யாணக் கார்ட் கொடுப்பதுபோல் இருவரும் தட்டத்தைச் சேர்த்துப் பிடித்து நீட்டினார்கள். நானும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிவிட்டேன். பழக்கதோஷம். "கட்டாயம் வாறன்" என்று வாய்வரை வந்தது.

பழம் நல்ல இனிப்பு.

மே 21

வாடகைக்காரருக்கு உதவும் இலவசச் சட்ட நிலையத்துக்குப் போனேன். பஸ் இரண்டு மாறவேண்டும். பெர்னடெட் என்று ஒரு வழக்கறிஞர். படிவத்தைப் பார்த்தார், இவ்வளவு ஒழுங்காக நிரப்பியதைத் தான் கண்டதே இல்லை என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. யார் நிரப்பியது என்று கேட்டார். சொன்னேன்.

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

திகதி பிழை, ஆகவே அறிவித்தல் செல்லாது என்றார். தெரியும் என்றேன். தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் ஒருவரும் என்னை அசைக்க முடியாது. மகள் உண்மையில் குடியிருக்க வராவிட்டால் அது தனிக் குற்றம். ஆகவே கண்ணைத் திறந்து வைத்திருந்து, சந்தேகமான எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொன்னார். வீட்டுக்காரரோடு இனி தேவையில்லாத பேச்சு வேண்டாம் என்றும் சொன்னார். வாடகைக்காரரின் உரிமைகள் பற்றித் தமிழிலேயே ஒரு கையேடு தந்தார். தமிழில் பதினேழு எழுத்துப்பிழை. திருத்திவிட்டேன்.

பின்னேரம் மேலே சாப்பிட்டேன். யோகராணி கூழ் காய்ச்சியிருந்தார். கூழைத் தேவையில்லாத பேச்சில் சேர்க்க முடியாது.

ஜூன் 9

அத்தாட்சிப் பட்டியல் தொடங்கிவிட்டேன்.

அத்தாட்சி 1: மகள் புருஷனோடு நன்றாக இருக்கிறாள். அதே மகள் தனியே பேஸ்மென்றுக்கு வருகிறாள். இரண்டில் ஒன்று பொய்.

அத்தாட்சி 2: பகலில் இருவரும் வேலைக்குப் போனபிறகும் மேலே யாரோ நடக்கிறார்கள். மெதுவான நடை. குசினி அடுப்படியிலிருந்து பின்ஜன்னல் வரை, பிறகு திரும்பிக் குசினி. ஒரு நாளில் நாற்பது தரம். எண்ணினேன்.

அத்தாட்சி 3: பெண்பிள்ளையின் சப்பாத்து ஒரு சோடி, கொதிகலனுக்குப் பின்னால் பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு விளங்கிவிட்டது. மேலே ஓர் அறையை யாருக்கோ களவாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அடுத்தது என் இடத்தையும் விடப்போகிறார்கள். நல்லாயிருக்கு நியாயம்!

ஜூன் 23

மேலே விருந்தாளிகள். ஒரே சிரிப்பும் கும்மாளமும். குப்பை போட வெளியே போனேன். கராஜுக்குள் காரின் உள்விளக்கு எரிந்தது. பற்றரி போய்விடுமே என்று எட்டிப் பார்த்தேன். முன்சீற்றில் ஒரு பெண், தலையில் போர்வை. என்னைக் கண்டதும் கீழே குனிந்துவிட்டாள்.

அத்தாட்சி 4. வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள் இப்படித்தான் பயந்து வாழவேண்டியிருக்கும். பாவம்.

ஜூன் 30

ஒரு முன்யோசனைக்காக வேறு அறை பார்க்கப் போனேன். ஏழு பேருக்கு ஒரு குசினி. எனக்குக் காட்டிய அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் கட்டில் போடமுடியாது. அந்த வீட்டுக்காரப் பெடியன் என்னைப் பார்த்து, "வயசு போனாக்களுக்குக் குடுக்கிறேல்லை, பேந்து ஏதும் நடந்தால் எங்களுக்குத்தான் சோலி" என்றான்.

வரும் வழியில் பஸ்ஸில் அழுகை வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபதை எட்டப்போகிறேன், இந்த நாட்டில் எனக்கு வேறு வீடு கிடையாது. முழங்கால் வலிதான் காரணமாக இருக்கும்.

ஜூலை 15

காலை ஒன்பதரைக்குக் குகபாலன் சாமான் ஏற்ற ஒரு வானோடு நின்றார்.

"அண்ணை, நல்ல நேரம் பத்தேகால் வரைக்கும்தான்."

"உத்தரவில்லாமல் என்னை எழுப்பேலாது, தம்பி."

"அப்ப உத்தரவை எங்கை எடுக்கிறது?"

"தீர்ப்பாயத்திலை. அதுக்கு வேறை போம்."

"உங்களிட்டைக் கிடக்கோ?"

கிடந்தது. இருந்தாலும் ஆடி பிறக்கப்போவதால் இப்போது புதுக்காரியம் தொடங்கக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். வானை வாடகைக்கு எடுத்தது வீண்போகக்கூடாது என்று என்னைச் சந்தைக்கு ஏற்றிப் போனார். பத்துக் கிலோ சிவப்பரிசி வாங்கினேன்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்தது. என்மீது வழக்குப் போடும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். வருகிற மகளும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்றேன். "அது பேந்து பாப்பம்" என்றார். முகம் சுருங்கிப்போயிற்று.

கையெழுத்து வைக்க மகளே இல்லை. அத்தாட்சி 5.

செப்ரெம்பர் 14

மேலே இருக்கும் களவு வாடகைக்காரிக்கு ஒரே தடிமன். என் சுவருக்கு அந்தப்பக்கம் துணி தோய்க்கும் அறைக்கு வந்து மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறாள். சில நாட்களில் மெஷினுக்குள் துணியே இருப்பதில்லை. மின்சாரம் சும்மா போகிறது.

கொத்தமல்லி அவித்து மூடிபோட்ட கோப்பையில் படியில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கோப்பை கழுவி அதே படியில் இருந்தது. நல்ல வளர்ப்பு.

செப்ரெம்பர் 20

இன்றும் கொத்தமல்லி. அதோடு பெர்னடெட் தந்த கையேட்டையும், திருத்திய பிரதி, கோப்பைக்குக் கீழே வைத்தேன். அவளும் ஒரு வாடகைக்காரி. தன் உரிமை என்ன என்று தெரியாமல் காருக்குள் குனிந்து கிடக்கத் தேவையில்லை.

கோப்பை வந்தது. கையேடு வரவில்லை.

ஒக்ரோபர் 22

விசாரணை. எல்லாம் காணொளியில். பத்து மணிக்கு நான் என் மேசையில் தயாராக இருக்க, குகபாலன் போனைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"அண்ணை, எனக்கு இந்தச் சனியன் பிடிபடுகுதில்லை. உங்கடை கொம்பியூட்டரிலை நானும் இருக்கட்டோ?"

கதிரையை நகர்த்திக் கொடுத்தேன். நீதிவான் அம்மையார் வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று கேட்டார். குகபாலன் கையுயர்த்தினார். வாடகைக்காரர் வந்துவிட்டாரா என்று கேட்டார். நான் கையுயர்த்தினேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு கை. இன்னொரு பெட்டிக்குள் பெர்னடெட் நெற்றியில் கைவைத்தார்.

அறிவித்தலை நிரப்பியது யார் என்று அம்மையார் கேட்டார். வாடகைக்காரர். விண்ணப்பத்தை? அதுவும் வாடகைக்காரர். திகதி பிழை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும், வீட்டுக்காரருக்குச் சொன்னேன், அவர் நம்பவில்லை என்றேன். அப்போது யோகராணி இரண்டு தேத்தண்ணியோடு வந்து, திரையில் அம்மையாரை எட்டிப் பார்த்து, "அந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டாளாமோ?" என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மையார் குகபாலனிடம் நேரடியாகக் கேட்டார், மகளுக்கு ஏன் இந்த இடம் தேவை என்று. குகபாலன் என்னைப் பார்த்தார். திரையில் வேறு வழக்குகளுக்குக் காத்திருந்தவர்களின் பெயர்களைப் பார்த்தார். அதில் நான்கு பெயர் நம்மாட்கள். வாயைத் திறக்கவே இல்லை.

திகதி மாதக் கடைசியாக இல்லை, மகளின் உறுதிமொழியும் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

வென்றுவிட்டேன். குகபாலன் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார். பின்னேரம் மேலேயிருந்து சாப்பாடு வரவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவை. பேக்கரிப் பாண் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஒக்ரோபர் 27

குகபாலன் புதுப் படிவத்தோடு வந்து நின்றார்.

"இந்த முறை நீங்கள் சொல்லுற திகதியைப் போடுறன் அண்ணை. உங்களை நம்பாதது என்ரை பிழை."

அறுபது நாள் கணக்குப் பார்த்தால் டிசெம்பர் 31. அது மார்கழி, அவருக்கு ஆகாது. நானே பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 31! மாதக் கடைசி, அறுபது நாளுக்கு மேல், தை மாதம், வெள்ளிக்கிழமை. சட்டமும் பஞ்சாங்கமும் ஒத்துவந்த நாள். இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். வெளியே போகப்போகிறவன் நான் என்பது அவர் போய், நான் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப்போடுவதென்பது இதுதான். அதையும் எவ்வளவு அழகான எழுத்தில்!

மகளின் உறுதிமொழியையும் எழுதி வைத்திருக்கிறேன். அவளே வந்து வாசித்துக் கையெழுத்திட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 16

பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஆரபி. மூன்று வருடத்துக்கு முன் மணவறையில் கடைசியாகப் பார்த்த பிள்ளை. பாதியாகிப் போயிருந்தாள். கையில் நான் திருத்திய கையேடு.

"மாமா, இதை நீங்கள்தானே வைச்சனீங்கள்? கொத்தமல்லியும்?"

அந்த நடை, அந்தச் சப்பாத்து, அந்தக் கார், அந்தத் தடிமன் எல்லாம் இவள்தான். மேசையில் கிடந்த அத்தாட்சிப் பட்டியலை எடுத்து மடித்து, கதிரையில் போட்டு அதன்மேலேயே இருந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உறுதிமொழியை நீட்டினேன். இந்தத் தெருவில் நான் நிரப்பிய தாளை முழுவதும் வாசித்த முதல் ஆள் இவள்தான். மற்றவர்கள் எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பார்கள்.

"'ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இந்த இடத்தில் வசிக்க உண்மையாக விரும்புகிறேன்.' எனக்கு விருப்பமில்லை எண்டால், மாமா?"

"பிள்ளை, இந்த வழக்கிலை நான் எதிர்த்தரப்பு. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரித்தில்லை."

"புத்தி கேக்கேல்லை. விதி என்ன எண்டு கேக்கிறன்."

விதியைக் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். "நீ கையெழுத்து வைக்காட்டி வழக்கு நிக்காது."

அவள் கதிரையில் இருந்தாள். ஏப்ரல் கடைசியில் புருஷன் கைநீட்டியதோடு வெளிக்கிட்டு வந்துவிட்டாளாம். ஊருக்குத் தெரியக்கூடாது என்று தாயும் தகப்பனும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடேலாது என்று யோகராணி ஒரே அழுகையாம்.

"ஆக்கள் வந்தால் என்னைக் கராஜுக்கு அனுப்புவினம், மாமா. பேஸ்மென்ற் கிடைச்சிட்டால் கராஜ் தேவையில்லையாம். ஹீற்றர் இருக்காம், பாத்ரூம் இருக்காம். அப்பா பாவம், எனக்கு வசதி செய்து தாறாராம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க முடியவில்லை.

"அங்கை ரெண்டு வருஷம் அவன்ரை வீட்டுக்குள்ளை ஒளிச்சிருந்தன். இஞ்சையும் ஒளிச்சிருக்க எனக்கு ஏலாது. எனக்கு மேலை இருக்கவேணும். பெல் அடிச்சால் நான் போய்க் கதவு திறக்கவேணும்."

"அதை உன்ரை அப்பரிட்டைச் சொல்லன் பிள்ளை."

"சொல்லத்தான் போறன்."

உறுதிமொழியைக் கையெழுத்தில்லாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எதிர்த்தரப்போடு கதைத்தேன் என்று பெர்னடெட்டுக்குச் சொல்லவேண்டும். சொன்னால் திரும்பவும் தண்ணீர் குடிக்கப் போவார்.

நவம்பர் 17

மேலே காலையிலிருந்து சத்தம். யோகராணியின் அழுகை. குகபாலனின் குரல் ஏறும், இறங்கும். ஆரபியின் குரல் ஒரே அளவில்.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. சட்டென்று எல்லாம் அடங்கியது. "பிராம்ப்ரன் மச்சாளாக்கள்! ஆரபி, ஓடு, கராஜ்!" இது யோகராணி, பக்கத்து நகரத்துச் சொந்தக்காரரைக் கண்டு. நான் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

கால்கள் கராஜ் பக்கம் போகவில்லை. என் தலைக்கு மேலாக, நேரே, வாசலுக்குப் போயின. கதவு திறந்தது.

"ஆர் இது, ஆரபியோ? எப்ப பிள்ளை வந்தனீ?"

"ஏப்ரல் கடைசியிலை, மாமி. அவரை விட்டிட்டு வந்திட்டன். உள்ளுக்கு வாங்கோ, குளிருது."

பிறகு படிகளில் தடதடவென்று ஓசை. குகபாலன். உள்ளே வந்து கதவைச் சாத்தி, என் கட்டிலில் இருந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, அவை போகுமட்டும் இஞ்சை இருந்திட்டுப் போறன். என்னாலை முகம் குடுக்கேலாது."

முதலில் பாவமாகத்தான் இருந்தது. தேத்தண்ணிக்குக் கேத்தலைக்கூட வைத்தேன். பிறகு எனக்கு வந்த கோபம் இந்த ஆறு மாதத்தில் வராத கோபம். கேத்தலை நிற்பாட்டினேன்.

"எழும்புங்கோ."

"என்னண்ணை?"

"இது நான் வாடகைக்கு இருக்கிற வீடு. ஒளிச்சிருக்க இதிலை ஒருத்தருக்கும் இடமில்லை. உங்கடை பிள்ளைக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை."

"என்ரை வீட்டுக்குள்ளை என்னை எழுப்புறியளோ?"

"ஓம். போமும் இல்லை, அறுபது நாளும் இல்லை. இப்பவே. அந்தப் பிள்ளை மேலை தனிய நிக்குது, எழும்புங்கோ!"

அவர் கண் கலங்கியது. பிறகு எழுந்தார். அரைவாசியில் திரும்பிவிடக்கூடும் என்று நானும் பின்னாலேயே ஏறினேன். முழங்கால் வலியில் உயிர் போனது.

மேலே பிராம்ப்ரன் மச்சாளும் புருஷனும் சோபாவில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார்கள். யோகராணி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரபி தேத்தண்ணித் தட்டத்தோடு நடுவில் நின்றாள். யாரும் எடுக்கவில்லை.

குகபாலன் போய் அவள் கையிலிருந்து தட்டத்தை வாங்கினார்.

"நீ இரு, பிள்ளை" என்று தன் சாய்வு கதிரையைக் காட்டினார். அவள் இருந்தாள்.

"என்ரை மகள்" என்றார் மச்சாளைப் பார்த்து. தெரிந்தவர்களிடம் அறிமுகம். "இனி இஞ்சைதான் இருப்பா. எங்களோடை. மேலை."

பிறகு அவரே ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அவர் பரிமாறி நான் பார்த்ததில்லை. இரண்டு சோசரில் ஊற்றிவிட்டார். மகளுக்குக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. சீனி போட மறந்திருந்தார். முழுவதும் குடித்தேன்.